ஒரே பிணைய அட்டையில் பல ஐபி முகவரிகள்: ‘உடன்முகவரி’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினியை வலையமைப்போடு இணைக்கும் வன்பொருள் பிணைய அட்டை; அந்த வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண் ஐபி முகவரி. ஒரே அட்டையில் சேரும் பல ஐபி முகவரிகளை ஆங்கிலத்தில் ‘ஏலியஸ்’ (alias) என்று பலர் சொல்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது என்று பேசும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மாற்றுப்பெயர், கிளைமுகவரி, கூடுதல் முகவரி, பன்முகவரி. ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் இந்த நான்கும் ஏன் எனக்கு ஒட்டவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

//ஏலியஸ் என்றுதானே சொல்கிறார்கள், மாற்றுப்பெயர் என்றே வைத்துவிடலாம்//

ஐயா, கும்பகோணத்துக்குக் குடந்தை மாற்றுப்பெயர். மயிலாடுதுறையை இன்றும் மாயவரம் என்பவர்கள் உண்டு, அதுவும் மாற்றுப்பெயர். இங்கே மாறுவது பெயர். ஐபி முகவரி பெயரே இல்லை, எண். தளப்பெயருக்கு உரிய ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ்-இல் ஒரு தளப்பெயரை இன்னொரு தளப்பெயருக்குச் சுட்டுகிறோமே, அந்த சிநேம் (CNAME) பதிவுதான் உண்மையான மாற்றுப்பெயர். இந்தச் சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு இரண்டையும் ஒரே பாடத்தில் விளக்கும்போது மாணவர் குழம்பிப்போவார்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஏலியஸ் என்ற பேச்சே பழைய வழக்கம்தான். முகவரி அமைக்கும் ஐஎஃப்கான்ஃபிக் (ifconfig) கட்டளையில், ஈத்0 (eth0) என்ற அட்டைக்கு ஈத்0:0, ஈத்0:1 என்று முக்காற்புள்ளி போட்டு எழுதுவோம். பார்த்தால் தனித்தனி அட்டை மாதிரி இருக்கும், ஆனால் அப்படித் தனிச் சாதனம் எதுவும் கிடையாது. எந்தத் தரவை உள்ளே விடலாம் என்று முடிவுசெய்யும் ஐபிடேபிள்ஸ் விதியில் ஈத்0:0 என்று குறிப்பிட்டு, வரும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) பிரிக்கவும் முடியாது. இன்றைய ஐபி கட்டளையில் ஒரே இடைமுகத்தில் (அட்டையில்) நேரடியாக எத்தனை முகவரி வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஏலியஸ் காலாவதியான முறை, பழைய கருவிகளுக்காக மட்டுமே தொடர்கிறது என்று லினக்ஸின் கருவான கெர்னலின் ஆவணமே சொல்கிறது. வழக்கொழிந்த ஒரு முறையின் பெயரை இன்று தமிழில் புதிதாக உருவாக்குவானேன்?

அடுத்தது கிளைமுகவரி. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இது உடனே தோன்றுவது இயல்புதான். ஆனால் கிளை என்றால் என்னவென்று நமக்குத்தானே நன்றாகத் தெரியும்? முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மதகு, தனி அளவு, தனிப் போக்கு. வெண்ணாற்றில் விட்ட தண்ணீர் காவிரியில் வராது. பிணைய அட்டையில் அப்படி எதுவும் பிரிவதில்லை. எந்த முகவரிக்கு வந்த பொதியும் அதே கம்பி வழியாக அதே அட்டைக்குத்தான் வருகிறது. கிளை என்று சொன்னால் வேகமும் பங்கு போடப்படுகிறது என்றுதான் நினைப்பார்கள்.

பன்முகவரி புணர்ச்சியில் சரி. பன்மொழி, பன்முகம் போல அழகாகவும் இருக்கிறது. ஆனால் வேகமாகப் படித்தால் ‘பன்முக வரி’ என்று கண் பிரித்துவிடுகிறது. கணக்கு எழுதும் மென்பொருளின் பட்டியலில் இந்தச் சொல் வந்தால் ஜிஎஸ்டி சம்பந்தப்பட்டது என்றுதான் நினைப்பார்கள்.

கூடுதல் முகவரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே அதைத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் பழைய வழங்கி (சர்வர்) ஒன்று செத்துப்போனது. சம்பா அறுவடை சமயம், வாசலில் நெல் மூட்டை வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. பில் போடும் கணினிகள் எல்லாவற்றிலும் அந்தப் பழைய வழங்கியின் 192.168.1.5 என்ற முகவரி மென்பொருளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, மாற்ற வழியில்லை. புது வழங்கி 192.168.1.20-இல் ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருந்தது. தரவை அதில் ஏற்றி, அதே அட்டையில் 192.168.1.5-ஐயும் சேர்த்தேன். “192.168.1.5 யார்?” என்று, ஐபி எண்ணுக்கு உரிய அட்டையைத் தேடும் ஏஆர்பி நெறிமுறை கேட்டால் அந்த அட்டை தன் 48 பிட் வன்பொருள் முகவரியைச் சொல்லும். 192.168.1.20-ஐக் கேட்டாலும் அதே விடைதான். பத்து நிமிடத்தில் பில் வர ஆரம்பித்தது. ஆலைக்காரர், “நம்ம வீட்டுக்குப் பழைய எண் 14, புது எண் 31-ன்னு எழுதியிருக்கே, எந்த நம்பர் போட்டாலும் தபால்காரர் இங்கதான் வர்றார், அந்த மாதிரியா?” என்று கேட்டார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் 192.168.1.20-ஐ வேறு எண்ணுக்கு மாற்ற வேண்டி வந்தது. அதை நீக்கினேன், 192.168.1.5-உம் சேர்ந்து போய்விட்டது, பில் நின்றுவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரே உட்பிணையத்தில் (பிணையத்தின் ஒரே பிரிவில்) இரண்டு முகவரி கொடுத்தால் லினக்ஸ் முதலில் வந்ததை முதன்மை என்றும் பின்னால் வந்ததை இரண்டாம் நிலை என்றும் குறித்துக்கொள்கிறது. முதன்மையை நீக்கினால் அதைச் சார்ந்தவையும் போய்விடும். ப்ரமோட் செகண்டரிஸ் (promote_secondaries) என்ற அமைப்பை 1 என்று வைத்திருந்தால் அடுத்தது முதன்மையாகியிருக்கும். இரண்டும் வேறு வேறு உட்பிணையத்தில் இருந்தாலோ இரண்டுமே முதன்மைதான், ஒன்றுக்கொன்று கட்டுப்பாடு இல்லை.

ஆகவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். முதன்மையைச் சார்ந்து நிற்பதற்குத் ‘துணைமுகவரி’ பொருந்தும். ஓர் அட்டையில் சேர்ந்து இருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லில் அந்த மேல் கீழ் வரக்கூடாது. ‘கூடுதல்’ என்றாலே ஒன்று அசல், மற்றது மேல்வரவு என்றாகிவிடுகிறது. ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் இது இன்னும் பொருந்தாது. அங்கே எஃப்ஈ80 என்று தொடங்கும் உள்ளூர் முகவரியும் உலகளாவிய முகவரியும் ஓர் அட்டையில் சேர்ந்து இருப்பதே இயல்பு.

என் முன்மொழிவு: உடன்முகவரி. உடன்பிறந்தார் என்கிறோமே, அந்த உடன். ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. இணைமுகவரி என்றும் யோசித்தேன். ஆனால் ‘இணைய முகவரி’க்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அச்சில் பிழை திருத்துபவரே மாற்றிவிடுவார்.

வினையாகவும் எளிதாகவே வருகிறது: உடன்முகவரி சேர், உடன்முகவரி நீக்கு. கையேட்டுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “பழைய வழங்கியின் முகவரியைப் புதிய வழங்கியின் பிணைய அட்டையில் உடன்முகவரியாகச் சேர்க்கவும், அது துணைமுகவரியாகக் குறிக்கப்பட்டால், முதன்மை முகவரியை நீக்கும் முன் கவனிக்கவும்.”

பிணையப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இந்த வாக்கியத்தை வகுப்பில் ஒருமுறை வாசித்துப் பார்த்து, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று எழுதுங்கள். அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து