பச்சோந்திக்கு வலைக்கூண்டு: எந்த வலை நல்லது?

உப்புவெளி தம்பி:
நான் திருகோணமலையில் அலுமினியம் வேலை செய்கிறேன். ஒருவர் வெளிநாட்டு வெய்ல்டு (தலையில் உயரமான கொண்டை உள்ள இனம்) பச்சோந்திக்குக் கூண்டு கேட்கிறார். ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் நுளம்பு வலை போதுமா, அளவு என்ன?

நிலாவெளி அண்ணா:
நைலான் வேண்டாம் தம்பி, தீனிக்கு விடும் வெட்டுக்கிளி அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். இரும்பு வலையும் நம் கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், அலுமினிய வலைதான் சரி. அகலத்தைவிட உயரம் முக்கியம்: வளர்ந்த பச்சோந்திக்கு 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம். யூவிபி விளக்கை (வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு) மேல்வலைக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் பச்சோந்திக்குச் சூடுபடும்.

கிண்ணியா அக்கா:
கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். அதனால் மேலே சொட்டுநீர், கீழே வடிகால் தட்டு கட்டாயம். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வலைக்கூண்டு மிக விரைவாகக் காய்ந்துவிடும், அப்போது இரண்டு பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடச் சொல்லுங்கள்.

நிலாவெளி அண்ணா:
அது சரி அக்கா. இன்னொன்று தம்பி, நம் காட்டுப் பச்சோந்தி சட்டம் பாதுகாக்கும் உயிர், அதைப் பிடித்து அடைக்கக் கேட்டால் தயவுசெய்து செய்து கொடுக்காதீர்கள்.

உப்புவெளி தம்பி:
நிச்சயமாக அண்ணா. அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வலையை வெட்டுவேன்.