வேகமாகும் என்பதையும் நிரூபிக்க முடியுமா?

அரைக்காசு: நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்ப்பது கம்பைலர். காம்ப்செர்ட் என்ற சி மொழிக் கம்பைலருக்கு சேவியர் லெராய் குழு காக் என்ற நிரூபண மென்பொருளில் எழுதிய நிரூபணம் சொல்வது ஒன்றுதான்: மூல நிரல் செய்வதையே கம்பைலர் தரும் அசெம்பிளி நிரலும் செய்யும். வேகம், மெமரி பற்றி அதில் பேச்சே இல்லை. நிரலை வேகமாக்குவதாகச் சொல்லிப் பத்து மடங்கு மந்தமாக்கும் ஒரு 'ஆப்டிமைசேஷனை'க் கம்பைலரில் செருகினாலும் அந்தத் தேற்றம் அசையாது. இது எந்த ஊர் நியாயம்?

ஓட்டிப்பார்: வேகத்தை எப்படி ஐயா நிரூபிப்பீர்கள்? 2009இல் மிட்கோவிச் குழு காட்டியது நினைவிருக்கிறதா? நிரலைத் தொடவே வேண்டாம். நிரல் ஓடும்போது சிஸ்டம் அதற்குக் கொடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிள்களின் மொத்த அளவு மாறினாலோ, ஃபைல்களை ஒன்றாக லிங்க் செய்யும் வரிசை மாறினாலோ, கம்பைலரின் ஓ2, ஓ3 என்ற ஆப்டிமைசேஷன் நிலைகளில் எது வேகம் என்ற ஒப்பீட்டின் முடிவே புரண்டுவிடும். இதை எந்தத் தேற்றத்தில் அடைப்பது? அளந்து பார்ப்பதுதான் வழி.

அரைக்காசு: அளவுகோலே இப்படி ஆடுகிறது என்கிறீர்கள், பிறகு அதையே நம்பச் சொல்கிறீர்கள்! நானோ விநாடியை யார் கேட்டார்கள்? நிரல் ஓடி முடிக்க எடுக்கும் படிகளை எண்ணுவோம். மாற்றிய துண்டை எந்த நிரலுக்குள் வைத்தாலும் படிகள் அதிகரிக்காது என்று காட்டும் இம்ப்ரூவ்மென்ட் தியரியை டேவிட் சாண்ட்ஸ் 1990களிலேயே எழுதிவிட்டார்.

சோம்பேறிப்பட்டியல்: படிகளை மட்டும் எண்ணினால் மாட்டிக்கொள்வீர்கள். தேவைப்படும்போதுதான் எதையும் கணக்கிடும் ஹாஸ்கெல் மொழியில் நான் பட்டது இது. ஒன்று முதல் ஒரு கோடி வரையான பட்டியலை ஓரிடத்தில் கூட்டுகிறேன், இன்னோரிடத்தில் அதன் நீளத்தை எண்ணுகிறேன். தனித்தனியாக இருந்தால் ஒவ்வோர் உறுப்பும் பிறந்த கையோடு குப்பைக்குப் போகும். "இரண்டும் ஒன்றுதானே" என்று கம்பைலர் ஒரே பட்டியலாக்கினால், கூட்டி முடித்த பிறகும் நீளம் எண்ணுவதற்காக அத்தனையும் ஹீப் என்ற மெமரிப் பகுதியில் காத்துக் கிடக்கும். 64 பிட் ஜிஎச்சி என்ற ஹாஸ்கெல் கம்பைலரில் உறுப்புக்கு 40 பைட், ஆக 400 எம்பி. படிகள் குறைந்தன, சரிதான், மெமரி?

ஓட்டிப்பார்: நிரல் ஓடும்போது அளக்கும் புரொஃபைலரில் பார்த்துத்தானே கண்டுபிடித்தீர்கள்?

சோம்பேறிப்பட்டியல்: ஆமாம், சர்வர் விழுந்த பிறகு.

அரைக்காசு: சரி, ஒப்புக்கொள்கிறேன், மெமரியில் பிடிக்கும் இடத்தையும் தனியாக நிரூபிக்க வேண்டும். முடியாததல்ல. 2014இல் காம்ப்செர்ட்டை நீட்டி, சி நிரலில் நிரூபித்த ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான மெமரி) வரம்பை அசெம்பிளி வரை கொண்டுபோனார்கள். 2020இல் கேக்எம்எல் என்ற, இதேபோல் நிரூபிக்கப்பட்ட இன்னொரு கம்பைலரில் ஹீப்புக்கும் செய்தார்கள்.

ஓட்டிப்பார்: வரம்பு மீறாது என்பது வேறு, முன்பைவிடக் குறைந்தது என்பது வேறு. நீங்கள் முதலில் கேட்டது இரண்டாவதைத்தானே?