ஓஎஸ் மாற்றினாலும் மாறாத மெஷின் ஐடி: என்ன வழி?

இன்வென்ட்டரி ஏஜென்ட்டுக்காக (மெஷின்களைக் கணக்கெடுக்கும் சாஃப்ட்வேர்) லினக்ஸ் மெஷின்களுக்கு நிலையான ஐடி தேவை. நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி ஆகாது, கார்டு மாறினால் போச்சு. எட்சி ஃபோல்டரிலுள்ள (/etc) மெஷின்-ஐடி ஃபைலில் இருப்பது, 32 ஹெக்ஸ் எழுத்து, பரவாயில்லை. ஆனால் விஎம்மை (விர்ச்சுவல் மெஷின்) குளோன் செய்தால் அதுவும் கூடவே வருகிறது. லினக்ஸின் நெட்வொர்க் சர்வீஸான சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி கேட்டு வாங்கும் டிஹெச்சிபிக்கு அதையே ஆதாரமாக எடுப்பதால் இரண்டு விஎம்முக்கும் ஒரே ஐபி விழுகிறது. குளோனுக்கு மூலமான டெம்ப்ளேட்டில் அந்த ஃபைலைக் காலியாக்கிவிட்டால் அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும். அதுவரை சரி.

சிக்கல் ரீஇன்ஸ்டாலில்தான். அப்போதும் பழைய ஐடியே வர வேண்டும். பயாஸ் தரும் யூயூஐடியை (மெஷினுக்கான தனித்த எண்) நம்பலாமென்றால், மலிவான மதர்போர்டுகள் பலவற்றில் 03000200-0400-0500-0006-000700080009 என்று ஒரே எண்! சீரியல் இடத்தில் ‘டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம்.’ (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்று நிற்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருந்தால் அதற்கே உரிய எண்டார்ஸ்மென்ட் கீயின் ஹாஷ் (கீயிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) போதும், டிபிஎம்மைக் கிளியர் செய்தாலும் அது மாறாது. டிபிஎம் இல்லாத பழைய போர்டுகளுக்கு நீங்கள் எதை எடுக்கிறீர்கள்? டிஸ்க் சீரியலையும் சேர்த்து ஹாஷ் செய்பவர்கள், டிஸ்க் மாற்றும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?