கனடாக் கரடியும் வன்னிக் கரடியும்

வெள்ளவத்தை வாசகன்:
சேர்ந்து வாசித்ததில் எந்தப் புத்தகம் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது என்று கேட்டீர்கள். எங்களுக்கு கேரி பால்சனின் ‘ஹாட்செட்’ நாவல், கனடாக் காட்டில் தனியே மாட்டிக்கொள்கிற பிரையன் என்ற பொடியனின் கதை. ஏ.எல். (உயர்தரம்) படித்த காலம். பம்பலப்பிட்டியில் டியூஷன் முடிந்த பிறகு நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்து வாசிப்போம். ஒருத்தியிடம் புத்தகம், மற்றவர்களிடம் போட்டோக் கொப்பி.

எங்களுக்குத் தெரிந்த கனடா, டொரொன்டோவில் நம்மவர்கள் நிறைந்த ஸ்காபரோ மட்டும்தான். ஆளுக்கொரு மாமாவோ சித்தியோ அங்கே இருந்தார்கள். அந்த நாட்டில் 54 நாள் மனுசரையே காணாமல் ஒரு 13 வயசுப் பொடியன் கிடப்பானா என்று முதல் கிழமை முழுக்கச் சந்தேகம். அப்பாவிடம் போகிற சின்ன விமானத்தில் விமானிக்கு மாரடைப்பு வர, விமானம் ஏரிக்குள் விழுகிறது. பிரையனிடம் மிஞ்சியது அம்மா கொடுத்த கைக்கோடாலி.

நெருப்பு மூட்டுகிற இடத்தில் நல்ல சிரிப்பு. பொறி பிடிக்க வேண்டுமென்று அவன் 20 டொலர் தாளைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் பற்றவில்லை. “ரெண்டு பாடத்துக்கு டியூஷன் காசடா அது!” என்று ஒருத்தன் தலையில் கை வைத்தான். கடைசியில் பேர்ச் மரப்பட்டையை மயிர் மாதிரி உரித்துத்தான் மூட்டுகிறான்.

பிரச்சினை கரடியில் வந்தது. பிரையன் ராஸ்பெரி பிடுங்கும்போது பக்கத்தில் ஒரு கருங்கரடி. அது அவனைப் பார்க்கிறது, பிறகு தன்பாட்டில் பழம் தின்றுகொண்டு போய்விடுகிறது. எல்லாரும் “எவ்வளவு அழகு” என்று சொல்ல, அதுவரை வாயே திறக்காத, வன்னிக் காட்டுப் பக்கத்து முல்லைத்தீவுப் பெடியன், “இவன் எங்கட காட்டில எண்டா அண்டைக்கே முடிஞ்சான்” என்றான்.

அவனுடைய பெரியப்பா தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவராம். நம்முடைய கரடி புற்றைக் கிண்டிக் கறையானை உறிஞ்சும்போது அந்தச் சத்தத்தில் ஆள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று கிட்டப் போனால் பயத்தில் பாய்ந்துவிடும். முகத்தைத்தான் பிறாண்டும். “அதாலதான் கரடி தின்ன வாற பாலைப்பழக் காலத்தில மரத்தடிக்குப் போக முதல் கூக் காட்டிக்கொண்டு போவினம். கோடாலி கொண்டு போறதும் நெருப்பு மூட்டுறதுக்கு இல்லை.”

“அப்ப எழுதினவர் பொய்யா?” என்று ஒருத்தி சண்டைக்குப் போனாள். பொய்யில்லை, அது வேறு இனம். ஆனால் அன்றைக்கு யாரும் இனம் பார்த்துக் கதைக்கவில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச் சாலைக்கு வெளியே கரடியைக் கண்டிராத நாங்கள் ஆறு பேர், காட்டுக்கரையில் வளர்ந்த அவனிடம் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தோம். அடுத்த கிழமையிலிருந்து அவனைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னோம்.

கொட்டாஞ்சேனை வாசகி:
எங்கட வகுப்பிலயும் இதே புத்தகம்தான். எங்களுக்குக் கரடி பெரிசாப் படேல்ல, அந்த ரகசியம்தான். அம்மாவை வேறொருத்தரோட கண்டதை பிரையன் முழுக்க மனசில வச்சுக்கொண்டு திரியிறான், தப்பி வந்த பிறகும் அப்பாட்டச் சொல்லேல்ல. பாதிப் பேர் “சொல்லியிருக்கோணும்” எண்டினம். தகப்பன்மார் கட்டாரிலயும் துபாயிலயும் இருந்த பிள்ளையள் மட்டும் ஒண்டுமே சொல்லேல்ல. மிஸ்ஸும் விளங்கிக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிட்டா. இப்ப நினைச்சாலும் அந்த மிஸ்ஸில எனக்கு மரியாதை.

வத்தளை வாசகன்:
அண்ணே, கரடியை விடுங்கோ. பாலைப்பழம் எண்டு சொன்னீங்களே, அது கொழும்பில எங்க வாங்கலாம்?

வெள்ளவத்தை வாசகன்:
இங்க நான் கண்டதில்லைத் தம்பி. வைகாசி, ஆனியில வன்னிப் பக்கம் போனா றோட்டுக்கரையில வச்சு விப்பினம். கனக்கச் சாப்பிடாதேங்கோ, பால் பிடிச்சு உதடு ரெண்டும் ஒட்டிப்போகும்.