கரையடியில் ஊறிய தண்ணீர்

எருத்தேம்பதிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஏரி உண்டு. அப்பாரு காலத்தில் வெட்டியது, பட்டா எங்கள் பேரில். கரை பத்தடி உயரம், முழுக்க மண். பாலக்காடு மாவட்டம் என்றாலும் இங்கே மழைமறைவு. ஏரி நிரம்புவதே அபூர்வம். 2018 ஆகஸ்டில் நிரம்பியது.

கீழ்த்தோட்டத்து மாமா போன் பண்ணினார். "கரையடியில ஊறுது மாப்ள, வந்து பாருங்க." மண்கரை என்றால் கசியத்தானே செய்யும் என்று மெதுவாகத்தான் போனேன். அவர் எவர்சில்வர் டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துத் திண்டில் வைத்திருந்தார். கால் மணி கழித்து மெல்லச் சாய்த்துக் காட்டினார். அடியில் கறுப்பாக வண்டல். "தெளிஞ்சு வந்தா பரவால்லீங்க. இது கரையைத் தின்னுட்டு வருது."

களிமண்ணை அப்பி ஓட்டையை அடைக்கலாம் என்றேன். விடவில்லை. வெளியே அடைத்தால் வேறு இடத்தில் பீறிடுமாம். முதலில் மணல் கொட்டினோம், மேலே பொடி ஜல்லி, அப்புறம் பெரிய ஜல்லி. தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது, அவ்வளவுதான். மதகைத் திறக்கப் போனால் திருகு துருப்பிடித்து அசையவே இல்லை (தொட்டு எத்தனை வருஷமோ!). இரண்டு டீசல் மோட்டாரை வைத்து ராத்திரி முழுக்க இறைத்து மட்டத்தைக் குறைத்தோம்.

கோடையில் தோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கரைமேல் நின்ற புளியமரத்தை அப்பா முன்பே வெட்டி விற்றிருந்தார், வேரைத் தோண்டி எடுக்கவில்லை. அது மக்கி, கை நுழைகிற அளவுக்குக் குழாய் மாதிரிப் பொந்து. நான் ஊஞ்சல் கட்டி ஆடிய மரம் அது.

ஆந்திராவின் குப்பம் ஊரிலிருந்து இன்னொருவர்:

உங்களுக்கு வேர், எங்களுக்கு மீன். 2021 நவம்பர், கடப்பா பக்கம் அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்த அதே வாரம். குட்டையைக் குத்தகைக்கு எடுத்தவர், மீன் ஓடிவிடக் கூடாதென்று, மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலிங்கில் வலை கட்டியிருந்தார். வைக்கோலும் முள்ளும் வந்து வலையை அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரை உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. மண்கரையைத் தாண்டி வழிய ஆரம்பித்தால் பின்பக்கத்தை அரித்துக்கொண்டே போகும், அப்புறம் பிடிக்க முடியாது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அண்ணன் இறங்கி, அரிவாளால் வலையை அறுத்தான். நாங்கள் நாலு பேர் மேலே கயிற்றைப் பிடித்திருந்தோம். கை தோல் உரிந்துவிட்டது.

குத்தகைக்காரர் இன்றுவரை எங்களிடம் பேசுவதில்லை. பாக்கிப் பணமும் வரவில்லை. வலைக்கு வேறு காசு கேட்கிறார்.