சக்கர நாற்காலியில் இருந்தபடி தோட்ட வேலை: என் கையாலேயே செய்ய வேண்டும், வழி சொல்லுங்கள்

கொடிமல்லி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கை, தோள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் வெளியிலும் சக்கர நாற்காலிதான். அடிபடுவதற்கு முன்னால் பொழுதெல்லாம் தோட்டத்திலேயே கிடந்தவள் நான். இப்போது வீட்டில் எல்லோரும் "என்ன செடி வேண்டும் என்று சொல்லு, நாங்கள் வைத்துத் தருகிறோம், நீ உட்கார்ந்து பார்த்தால் போதும்" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பார்ப்பது மட்டும் எனக்குப் போதவில்லை. மண்கட்டியை விரலால் உடைக்க வேண்டும், குழித்தட்டின் அடியில் அழுத்தி வேர் அறுபடாமல் நாற்றைத் தள்ளி எடுக்க வேண்டும், தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ளிவிட்டு விரல் நுனியில் ஒட்டுகிற அந்தப் பச்சைக் கறையோடு உள்ளே வர வேண்டும்.

தரையில் இருக்கும் பாத்தியை எட்ட முடியவில்லை, குனிந்தால் முன்னால் கவிழ்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மேட்டுப்பாத்தி கட்டினால் எவ்வளவு உயரம் வேண்டும், தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? வேறு விதமான உடல்நிலையோடு செடி வளர்ப்பவர்களும் எழுதுங்கள், எல்லாமே எனக்கு உதவும்.

வரப்போரம் எழுதியது:

கொடிமல்லி, நானும் சக்கர நாற்காலிதான், பல வருடமாகச் செடி வளர்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாத்தி கட்டும் வேலையை உடனே தொடங்காதீர்கள். முதலில் ஒரு மேசைக்கு எதிரே நாற்காலியை நிறுத்தி, உடம்பை முறுக்காமல், சிரமமே இல்லாமல் கை எதுவரை போகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பக்கவாட்டில் நிறுத்தியும் ஒரு கோடு. அதுதான் உங்கள் தோட்டத்தின் எல்லை. பலருக்கு அது 50, 60 செ.மீ. அளவில் வரும். ஒரு பக்கம் மட்டும் போக முடிகிற பாத்தி அதைவிட அகலமாக இருந்தால் பின்வரிசைச் செடிகளை வேறு யாராவதுதான் கவனிக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் போக முடிந்தால் 120 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம்.

உயரத்தில் இரண்டு வகை உண்டு. பெட்டி மாதிரி அடிவரை மூடியிருக்கும் பாத்தி என்றால் 60 செ.மீ. உயரம் போதும், ஆனால் பக்கவாட்டில் நிறுத்தி உடம்பைத் திருப்பித் திருப்பி வேலை செய்ய வேண்டும், நாளடைவில் தோளும் முதுகும் பிடித்துக்கொள்ளும். நமக்குத் தோள்தான் கால். அதனால் முழங்கால் உள்ளே போகிற மேசைப் பாத்திதான் என் விருப்பம். அடியில் 70 செ.மீ. அளவுக்கு இடம் வேண்டும், உங்கள் குஷன் உயரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். அதற்கு மேல் 15, 20 செ.மீ. மண். இங்கேதான் பலர் யோசிக்காமல் விடுகிறார்கள்: மண்ணின் மேல்மட்டமே ஏறக்குறைய 90 செ.மீ. ஆகிவிட்டது, அதில் தக்காளியை நட்டால் காய் தலைக்கு மேலே காய்க்கும். மேசையில் கீரை, கொத்தமல்லி, புதினா, சின்ன முள்ளங்கி மாதிரி வேர் ஆழம் போகாதவை மட்டும். தக்காளி, கத்தரி, அவரைக்கெல்லாம் தரையில் தாழ்வான தொட்டி. செடி வளர்ந்து காய்க்கிற இடம் உங்கள் கைக்கு நேராக வரும்.

கவிழும் பயம் பற்றி. பாத்தியை நெருங்கியதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்துங்கள். அப்படி இழுக்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் திரும்பி முன்பக்கமாக நீண்டு நிற்கும், நாற்காலி முன்னால் கவிழ்வது அவ்வளவு சுலபம் இல்லை. பிரேக் போட்டுவிட்டு, ஒரு கையை நாற்காலியின் பின் கைப்பிடியில் கோத்துக்கொண்டு மற்றக் கையால் எட்டுங்கள். உடம்பை நிறுத்தும் வயிற்றுத் தசைக்கு வலு இல்லாதவர்கள் மார்புப் பட்டையும் போட்டுக்கொள்வது நல்லது.

பாதை 90 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், திரும்புகிற இடத்தில் 150 செ.மீ. சதுரம். ஜல்லி கொட்டாதீர்கள், முன்சக்கரம் புதைந்துவிடும். சரிவு வேண்டியிருந்தால் 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம். 20 அடி விட்டால் மடியில் பூவாளியோடு ஏறலாம்.

மொட்டு எழுதியது:

எனக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் நோய். நடக்கிறேன், ஆனால் காலையில் விரல் மடங்காது. வரப்போரம் சொன்னதெல்லாம் அளவு பற்றியது, நான் சொல்ல வருவது பலம் பற்றி. ஒரே அமுக்கில் வெட்டும் கவாத்துக் கத்தரியை விட்டுவிட்டு, பல்சக்கரம் வைத்த வகைக்கு மாறுங்கள், அது மூன்று நான்கு சின்ன அமுக்காகத் தண்டை வெட்டும். களைக்கொத்தியின் பிடியில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுறையை மாட்டினால் பிடி தடிமனாகிவிடும், இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கருவியைச் சாணை பிடித்துக் கூராகவே வைத்திருங்கள், மழுங்கின கத்தி மணிக்கட்டைக் கொன்றுவிடும்.

அப்புறம், களைப்பு வந்த பிறகு நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. வருவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். டைமர் வைத்துக்கொள்ளுங்கள். "இந்த ஒரு வரிசை மட்டும்" என்ற நினைப்புதான் அடுத்த இரண்டு நாளைப் படுக்கையில் போடும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை பழுதாகும் நோய்) இருப்பவர்களுக்கு உடம்பு சூடேறினாலே பார்வை மங்குவது, கால் தளர்வது எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு அதிகமாகும், குளிர்ந்ததும் சரியாகும். அவர்களுக்கு விடியற்காலைதான் தோட்ட நேரம்.

முக்கியமான ஒன்று. எங்களைப் போல நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தொழு உரம், மண்கலவை மூட்டையை முகத்துக்கு நேரே பிரிக்கவே கூடாது. அந்தத் தூசியில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், நுரையீரலைத் தாக்கும். முகக்கவசம், கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுக் கிளறுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

வாசனைத்தடம் எழுதியது:

எனக்குக் கண் பார்வை கிடையாது. கொடிமல்லி, பார்ப்பது மட்டும் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரைவாசிப்பான் படித்தபோது நிறுத்தி இன்னொரு தடவை கேட்டேன். என் தோட்டத்தில் பார்க்க எதுவும் இல்லை, ஆனால் எனக்குத் தெரிந்த சந்தோஷங்களில் பெரியது அதுதான்.

எப்படிச் செய்கிறேன் என்றால், பாத்தியின் இரண்டு முனையிலும் குச்சி நட்டு ஒரு கயிறு கட்டுகிறேன், கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு நேர் கீழே நாற்று. முடிச்சுக்குக் கீழே இல்லாமல் எது முளைத்தாலும் களை, யோசிக்காமல் பிடுங்கலாம். நேரடியாக விதை தூவினால் எது களை எது பயிர் என்று தொட்டுச் சொல்வது ரொம்பக் கடினம், அதனால் எப்போதும் குழித்தட்டில் வளர்த்துத்தான் நடுகிறேன். மண் தொட்டியைச் சுண்டிப் பார்த்தால் ஈரம் தெரியும்: காய்ந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும், ஈரமிருந்தால் சத்தம் மந்தமாக வரும். தக்காளி பழுத்தால் லேசாக அமுங்கும், காம்பில் ஒரு கணு இருக்கும், அங்கே கட்டை விரலை வைத்துப் பழத்தை மேலே தூக்கினால் சுலபமாகக் கழன்று வரும். செங்காய் அவ்வளவு சீக்கிரம் விடாது.

முட்டுக்குச்சிகளின் நுனியில் கவிழ்த்த சின்ன பாட்டிலோ பந்தோ மாட்டி வையுங்கள். குனிகிறபோது கண்ணில் குத்துவது பார்வை உள்ளவர்களுக்கும் நடக்கிறது. பொருளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும்படி வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், நகர்த்தி வைத்த ஒரு தொட்டி எனக்கு ஒரு பள்ளம்.

கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்ற ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கடுமையான கிட்டப்பார்வைக்காரர். கண் மங்கிக்கொண்டே போனதால்தான் ஓவியத்தையும் நுணுக்கமான எம்பிராய்டரியையும் விட்டுத் தோட்டத்தில் முழுமையாக இறங்கினார். 400 தோட்டங்கள் வரை வடிவமைத்தார். உடல்நிலை காரணமாகத் தோட்டத்தை விட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அவரைத்தான் சொல்வேன்.

கொடிமல்லி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, படித்துக்கொண்டே இருக்கிறேன். முடிச்சுக் கயிற்றை நானும் கட்டப் போகிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்து கோணலாகத் தெரியும்போது இடைவெளி கணிக்க அது எனக்கும் உதவும். வரப்போரம், இன்னொரு சந்தேகம். காலில் உணர்வு இல்லாததால் தோட்டத்தில் தனியாக இருக்க வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வரப்போரம் எழுதியது:

அவர்கள் பயம் நியாயமானது, அதற்காக உள்ளேயே இருக்க வேண்டியதில்லை. கால் முழுக்க மூடிய ஷூ, நீளமான பேன்ட், எந்த வெயிலிலும் இது இரண்டும் வேண்டும். எறும்பு ஏறினாலும் முள் குத்தினாலும் நமக்குத் தெரியாது. வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் கொதிக்கும், அதைக் கையில் பார்த்துவிட்டுத்தான் மடிப்பக்கம் திருப்ப வேண்டும். வெயில் பட்ட தொட்டியை மடியில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ இடுப்புக்கு ஓய்வு கொடுங்கள், வேலை மும்முரத்தில் மறந்துபோவது இதுதான், அழுத்தப்புண் வந்தால் தோட்டமே பல மாதம் போய்விடும். உள்ளே வந்ததும் கண்ணாடி வைத்துப் பாதம், கணுக்கால், தொடையின் அடிப்பக்கம் பாருங்கள். டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கட்டும்.

அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, அதனால் உடம்பு சீக்கிரம் சூடேறும். நிழலும், முகத்தில் தெளித்துக்கொள்ளத் தண்ணீரும் கிட்டத்தில் வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தண்டுவடத்தில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டம்) அல்லது அதற்கு மேலே அடிபட்டிருந்தால் இன்னும் கவனம்: உணர்வில்லாத இடத்தில் ஒரு முள் குத்தினாலோ சிறுநீர்ப்பை நிறைந்தாலோகூட ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். தலை தாங்க முடியாமல் வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமானதைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும், அவசர உதவியையும் உடனே அழைக்க வேண்டும். போன் பாக்கெட்டில் இல்லாமல் வெளியே போகவே கூடாது.

ஒருகைக்காரர் எழுதியது:

பக்கவாதத்துக்குப் பிறகு எனக்கு வலது கை வேலை செய்யாது. குழித்தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கிறேன், தொட்டியைப் பிடித்துக்கொள்ள மணல் நிரப்பிய பெட்டியில் பாதி புதைத்து வைக்கிறேன். வெட்டின தண்டைக் கீழே விடாமல் கவ்விக்கொள்ளும் கத்தரி கிடைக்கிறது, எங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பொடி விதைகளைக் காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் மாவுப் பசையால் விதைகளை இடைவெளி விட்டு ஒட்டி, காயவைத்து, அப்படியே பாத்தியில் பரப்பி மேலே மண் தூவலாம். அந்தக் காகிதத்திலிருந்து முளை வரிசையாகக் கிளம்புவதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதியை எந்தக் கைப்பயிற்சியும் எனக்குத் தந்ததில்லை.

அண்ணன்தம்பி எழுதியது:

நான் மறுபக்கம். என் அண்ணனுக்கு மூளை வாதம் (செரிப்ரல் பால்சி), கை கால் அசைவு கட்டுப்பாட்டில் இருக்காது, அவர் தோட்டத்துக்கு நான் கையாள். கொடிமல்லி, உங்கள் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கனமான வேலை எங்களுடையது: மண் சுமப்பது, பாத்தி கட்டுவது, தொட்டியை நகர்த்துவது. பெரிய தொட்டியில் ஈர மண் 40 கிலோவுக்கு மேல் போகும், அதில் யாரும் வீரம் காட்ட வேண்டாம். ஆனால் எதை எங்கே நடுவது, எப்போது கிள்ளுவது, காய்ந்ததைப் பிடுங்குவதா விடுவதா என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் ஒரு நாற்று நட நேரம் எடுக்கும், பாதி மண் வெளியே சிந்தும், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவர் படுத்துவிட்ட நாட்களில் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன், ஒரு காய்கூடப் பறிக்க மாட்டேன். பழுத்துக் கீழே விழுந்தாலும் சரி, முதலில் பறிப்பது அவர்தான்.

கொடிமல்லி எழுதியது:

படித்துக் காட்டினேன். தம்பி உடனே அளவு நாடாவை எடுத்து வந்துவிட்டான். மேசைப் பாத்தி ஒன்று, அதன் இரண்டு பக்கமும் தாழ்வான தொட்டிகள், இப்போதைக்கு இவ்வளவுதான். தண்ணீர் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

வரப்போரம் எழுதியது:

10 லிட்டர் பூவாளி நிரம்பினால் 10 கிலோவுக்கு மேல், அதைத் தொடாதீர்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டால் கைக்கு அடக்கமான பூவாளி தயார். ஆனால் மேசைப் பாத்தியில் மண் ஆழம் குறைவு, வெயில் நாளில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், அதனால் அதற்கு மட்டும் டைமரோடு சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடுங்கள், மேலே காய்ந்த இலை மூடாக்கும் வேண்டும். தொட்டிகளுக்கு நீங்களே கையால் ஊற்றுங்கள். குழாயை உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், திருகாமல் தள்ளித் திறக்கிற வகையாக வைக்கச் சொல்லுங்கள். பாத்தி கட்டி முடித்ததும் மண் கொட்டுவதற்கு முன்னால் நாற்காலியை உள்ளே விட்டு முழங்கால் இடிக்கிறதா என்று பாருங்கள், 20 செ.மீ. மண் ஏறின பிறகு உயரம் மாற்ற முடியாது.