மூன்று பேஸ் லேத், ஒற்றை பேஸ் வீடு: வழி சொல்லுங்கள்
பழைய லேத் ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டது. 2 குதிரைத்திறன் மோட்டார், ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சிட்டது) 400 வோல்ட். வீட்டில் இருப்பதோ ஒற்றை பேஸ் 230. சாதாரண வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்டால் மூன்று பேஸ் கிடைக்கும், ஆனால் 230 வோல்ட்டில்தான். அதற்கு மோட்டாரை டெல்டாவுக்கு (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) மாற்ற வேண்டும். இணைப்புப் பெட்டியைத் திறந்தால் மூன்றே முனைகள்! ஸ்டார் முடிச்சு சுருளுக்குள் புதைந்து கிடக்கிறது. அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்தவர்கள் யாராவது உண்டா? பழைய வார்னிஷ் நொறுங்கிவிடுமோ என்று கை நடுங்குகிறது. அல்லது சுழல் பேஸ் மாற்றியே (ஓடும் மோட்டார் ஒன்றைக் கொண்டு மூன்றாம் பேஸை உண்டாக்குவது) மேலா? அடுத்து மில்லிங் இயந்திரமும் வருகிறது, அதற்கும் அதுவே உதவுமே (வீட்டில் இன்னும் சொல்லவில்லை). வெறும் கெப்பாசிட்டரை வைத்து ஓட்டும் யோசனை மட்டும் வேண்டாம். ஆழமாகக் கடையும்போது மோட்டார் திணறிவிடும். செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.